மூலநிரலில் இருந்த கோபம்

சாலை, திருவனந்தபுரம்
8 ஜூன் 2025, ஞாயிறு

அத்தானுக்கு,

வாட்ஸ்அப்பில் கேட்டால் இரண்டாவது வரியிலேயே நமக்குச் சண்டை வந்துவிடுகிறது. ஈமெயிலில் எழுதினால், எழுதி முடிப்பதற்குள் பாதிக் கோபம் தானே ஆறிவிடும். அதனால் இனி இப்படித்தான் எழுதப் போகிறேன். நீங்களும் இதிலேயே பதில் போடுங்கள்.

லேப்டாப் பேசவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் வரைக்கும் பேசியது. சனிக்கிழமை காலையில் திறந்தால், அப்டேட் முடிந்தது என்று சந்தோஷமாக ஒரு பெட்டி. அதற்குப் பிறகு நான் எதை அடித்தாலும் வாயைத் திறக்கவில்லை. ஏதோ லைப்ரரியைக் காணவில்லையாம். போட்டோ எடுத்து இத்துடன் அனுப்பியிருக்கிறேன். ஆபரேஷனுக்கு வந்திருந்தபோது நீங்கள் இதைக் கட்டிக் கொடுத்துவிட்டு புணேவுக்குத் திரும்பினீர்களே, அதன் பிறகு இப்படி ஆவது எத்தனையாவது தடவை என்று எண்ணுவதையே விட்டுவிட்டேன்.

ஆபீஸில் எனக்குத் தொந்தரவு இல்லை. கணக்கு எழுதுகிற இடத்தில் எல்லாருக்கும் படிக்கத் தெரியும், எழுதிக் காட்டினால் போதும். பழவங்காடி ஆட்டோ ஸ்டாண்டில்கூட போனை நீட்டினால் ஏறச் சொல்லிவிடுகிறார்கள். உலகம்மைக்குத்தான் படிக்கத் தெரியாது. ஒன்றாம் கிளாஸ் போகத் தொடங்கி ஒரு வாரம்தான் ஆகிறது. ஸ்கூலில் நடந்ததையெல்லாம் வந்து சொல்கிறாள், நான் தலையை ஆட்டுகிறேன். திருப்பி ஒரு கேள்வி கேட்க முடியவில்லை. குரல்வளையை எடுத்துவிட்ட எனக்கும் எழுத்துத் தெரியாத அவளுக்கும் நடுவில் இருப்பது அந்த லேப்டாப் ஒன்றுதான். கழுத்தில் வைத்துப் பேசும் கருவிக்கு இன்னும் புண் ஆறவில்லை, ஓணம் கழியட்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

நேற்று அவள் மாடிக் கைப்பிடிச் சுவரின் மேல் ஏறிக் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்திருந்தாள். நான் கீழே முற்றத்தில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். இறங்கு என்று சொல்ல எனக்கு வழியில்லை. கையைத் தட்டினேன். விளையாட்டு என்று நினைத்து அவளும் இரண்டு கையையும் எடுத்துத் தட்டினாள். நான் மாடிக்கு ஓடிப்போய் அவளை இறக்கினேன்.

சீக்கிரம் ஏதாவது செய்யுங்கள்.

அஸ்வதி

*

புணே
9 ஜூன் 2025

அஸ்வதிக்கு,

படத்தைப் பார்த்தேன். பயப்பட ஒன்றுமில்லை, சரி செய்துவிடலாம்.

என்ன நடந்தது என்று சொல்கிறேன். உன் லேப்டாப்பில் பேசுகிற நிரலை நான் கடையில் வாங்கிப் போடவில்லை. மூலநிரலை எடுத்து, நமக்கு வேண்டிய இடங்களில் திருத்தி, உன் இயந்திரத்திலேயே தொகுத்து, அதாவது கம்பைல் செய்து, நிறுவினேன். அது பக்கத்தில் இருக்கும் வேறு சில நூலகங்களை, நீ லைப்ரரி என்று எழுதிய துணை நிரல்களை, நம்பி நிற்கிறது. அப்டேட் வந்தபோது அவற்றில் ஒன்றைப் புதிதாக வைத்து, பழையதைத் தூக்கிவிட்டது. அதனால் புதிய நூலகத்தை வைத்து மறுபடி தொகுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் இங்கிருந்தே உள்ளே நுழைந்து செய்வதற்கு ஒரு வழி வைத்திருந்தேன். அதையும் இந்த அப்டேட் அடைத்துவிட்டது. ஆகவே நீதான் உட்கார வேண்டும். 'மூலத்திலிருந்து நிறுவும் முறை' என்று தலைப்பிட்டு எல்லாக் கட்டளைகளையும் வரிசையாக இணைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை நிதானமாகச் செய்.

ஒன்று மட்டும் கேள். அவசரப்பட்டு யாரிடமாவது கொடுத்து ரெடிமேட் பேக்கேஜை ஏற்றிவிடாதே. அது யாரோ, எங்கோ, எல்லாருக்கும் பொதுவாகத் தொகுத்து மூட்டை கட்டி வைத்தது. அதில் வருகிற குரல் யாருடையதோ. நாம் வீட்டில் பேசுகிற பேச்சு அதற்குத் தெரியாது. நாம் வெள்ளம் என்றால் குடிக்கிற தண்ணீர், அதற்கு ஆற்றில் வருகிற வெள்ளம்.

நான் கட்டியது உன் குரல், அஸ்வதி. நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் ஒவ்வொன்றையும் துண்டு துண்டாக வெட்டி, எழுத்தோடு பொருத்தி, விடுமுறையெல்லாம் அதிலேயே போய்த்தான் அது உருவானது. உலகம்மை தன் அம்மையின் குரலைக் கேட்டு வளரட்டும் என்றுதான் அவ்வளவும் செய்தேன்.

கைப்பிடிச் சுவருக்குக் கம்பி வலை அடிக்க ஆள் சொல்.

பெருமாள்

*

சாலை
15 ஜூன் 2025, ஞாயிறு

அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய கட்டளைகளை ஒன்று விடாமல் அடித்தேன். காலையில் இட்லிக்குப் பிறகு உட்கார்ந்தவள், மத்தியானம் சோறு வடிக்க எழுந்தபோதும் அது தொகுத்துக்கொண்டே இருந்தது. லேப்டாப்பின் அடிப்பக்கம் தோசைக்கல்லாகக் கொதித்தது. உள்ளே விசிறி போட்ட சத்தத்தில் உலகம்மை வந்து, 'இது பறக்கப் போகுதா அம்மே?' என்று கேட்டாள். அதற்கும் பதில் சொல்ல எனக்கு வழியில்லை. எல்லாம் முடியப் போகிறது என்று நினைத்த நேரத்தில் திரை நிறையச் சிவப்பு எழுத்து. வேறொரு லைப்ரரி பழையதாம். அதையும் மூலத்திலிருந்து தொகுக்க வேண்டுமாம். அதைத் தொகுக்க இன்னொன்று வேண்டுமாம்.

மூடி வைத்துவிட்டேன். பையில் போட்டுக்கொண்டு, பிள்ளையையும் பிடித்துக்கொண்டு பழவங்காடிக்குப் போனேன். எங்கள் ஆபீஸ் கம்ப்யூட்டர்களைப் பார்க்கும் ஸ்ரீஜித்துக்கு அங்கேதான் கடை. ஞாயிற்றுக்கிழமையிலும் பாதி ஷட்டரைத் தூக்கி வைத்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தை எழுதிக் காட்டினேன். இரண்டு வரி அடித்தார். பக்கத்துக் கடையில் வாங்கிய சாயா ஆறுவதற்குள் லேப்டாப் பேசத் தொடங்கிவிட்டது.

'சேச்சி ஒண்ணும் செய்ய வேண்டா. அப்டேட் வந்தா இதுவும் கூடச் சேர்ந்து வரும்' என்றார். அந்த ஒரு பேச்சுக்காகவே அவரைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்தது.

குரல் யாருடையதோதான், ஒத்துக்கொள்கிறேன். பிசிறில்லாத சுத்தத் தமிழ். 'உலகம்மை, பல் தேய்த்துவிட்டு வா' என்று அடித்தால், நாகர்கோவில் பாசஞ்சர் இரண்டாவது பிளாட்ஃபாரத்துக்கு வருகிற மாதிரிச் சொல்கிறது. அவள் அதற்கு ஸ்டேஷன் மாமி என்று பேர் வைத்துவிட்டாள். வைத்தாலும் போய்ப் பல் தேய்த்தாள்.

இன்னொரு விஷயம். உங்கள் தாளை ஆபீஸ் பிரிண்டரில்தான் எடுத்தேன். தலைப்பில் 'மூலத்திலிருந்து' என்று பெரிதாகப் போட்டிருந்தீர்களே, பக்கத்து சீட் தாசம்மாள் அக்கா அதை மட்டும் பார்த்துவிட்டார். கிழக்கேகோட்டையில் நல்ல வைத்தியர் இருக்கிறார், அறுக்க வேண்டாம், மருந்திலேயே சுருங்கிவிடும் என்று ரகசியமாக விலாசம் எழுதித் தந்தார். தொண்டையோடு இதுவுமா என்று அவருக்குக் கண் கலங்கிவிட்டது. இனிமேல் சோர்ஸ் என்றே எழுதுங்கள்.

எனக்கு ரெடிமேட் போதும். ஏன் என்று கேட்காதீர்கள். அசதியாக இருக்கிறது.

அஸ்வதி

*

புணே
17 ஜூன் 2025

அஸ்வதி,

ஏன் என்று கேட்காமல் எப்படி இருப்பது?

சிவப்பு எழுத்து வந்தால் அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பியிருக்கலாம். இன்னும் ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் முடிந்திருக்கும். நீ லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போய்விட்டாய். ரெடிமேட் சட்டை தோளில் பிடித்தால் பிரித்துத் தைக்கலாம். இந்தப் பேக்கேஜ் பிடித்தால் எங்கே பிரிப்பாய்? யாரோ ஒரு அந்நியப் பெண் நம் வீட்டுக்குள் நின்று என் பிள்ளையைப் பல் தேய்க்கச் சொல்கிறாள். அதைச் சாதாரணமாக எழுதுகிறாய். நான் உன் குரலை மீட்டுக் கொடுத்தேன். அது வேண்டாம் என்று நீ சொல்கிற காரணம் எனக்குத் தெரிய வேண்டாமா?

ஒரு யோசனை சொல்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதே. உன் கழுத்துப் புண் ஆறும்வரை உலகம்மை இங்கே என்னோடு இருக்கட்டும். ஓணம் லீவில் வந்து கூட்டிக்கொண்டு போகிறேன். எங்கள் குடியிருப்பில் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடமும் நடக்கிற தூரம்தான். வளருகிற பிள்ளை, அவளோடு வாய் திறந்து பேச ஒரு ஆள் வேண்டும் அல்லவா? நீயும் கொஞ்சம் ஓய்வெடுக்கலாம். நான் வேலைக்காக இங்கே வந்தபோதே நீங்களும் கூட வந்திருந்தால் இந்தச் சிக்கலே இல்லை. அதை இப்போது பேச வேண்டாம்.

பெருமாள்

*

சாலை
18 ஜூன் 2025

அத்தானுக்கு,

தப்பாகத்தான் எடுத்துக்கொண்டேன். ஈமெயிலில் எழுதினால் கோபம் ஆறும் என்று சொன்னேன் அல்லவா, ஆறவில்லை.

அவளோடு பேச ஒரு ஆள் வேண்டும் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்போது இங்கே நான் யார்?

சரி, ஏன் என்று கேட்டீர்களே, சொல்லிவிடுகிறேன். உங்கள் மனம் நோகும் என்றுதான் இத்தனை நாளும் சொல்லாமல் வைத்திருந்தேன். அந்தக் குரலை எதிலிருந்து கட்டினீர்கள்? நான் உங்களுக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜிலிருந்து. நான் உங்களுக்கு எப்போது வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன்? டைப் அடித்தால் தீராத அளவுக்குக் கோபம் வந்தபோது. 'நீங்க அங்க ஏசியில இருங்க, இங்க மழை வெள்ளம் அடுக்களைக்குள்ள நிக்குது.' 'பிள்ளைக்கு இன்னைக்குப் பிறந்தநாள்னு உங்களுக்கு ஆராவது சொன்னாங்களா?' 'போனை எடுத்தா எடுங்க, இல்லேன்னா மதி, போதும், நான் இனி விளிக்கல.' எல்லாம் இந்த ரகம். உங்கள் மெஷின் இதைத்தான் தின்று வளர்ந்திருக்கிறது. அதற்குத் திட்டுவதைத் தவிர வேறொன்றும் தெரியாது.

'வா மக்களே, சோறு தாறேன்' என்று அடித்தேன். என் குரல்தான், அதில் உங்கள் வேலையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்த 'வா' இருக்கிறதே, உங்களை நான் எத்தனை தடவை கூப்பிட்டு நீங்கள் வராமல் இருந்தீர்களோ, அத்தனையும் அதில் இருந்தது. பிள்ளை தட்டை எடுக்காமல் சுவரோரம் போய் நின்றுகொண்டாள். 'அம்மைக்கு எதுக்கு தேஷ்யம்? நான் என்ன செய்தேன்?' என்று கேட்டாள். கோபத்துக்கு அவளுக்கு மலையாள வார்த்தைதான் வருகிறது.

கோபமே இல்லை மக்களே என்று அடித்தேன். அதையும் அதே குரலில்தான் சொன்னது. இன்னும் பயந்தாள். அப்புறம் ஒவ்வொரு நாளும் கேட்டாள். நானும் ஒவ்வொரு நாளும் இல்லை என்று அடித்தேன். கடைசியில் கேட்பதை நிறுத்திவிட்டாள். நிறுத்தியதுதான் எனக்குத் தாங்கவில்லை. என் குரலைக் கேட்டாலே ஓசைப்படாமல் போய்ச் சொன்னதைச் செய்துவிட்டு வருவாள். நல்ல பிள்ளை என்று ஊர் சொல்கிறது.

அந்த மெஷின் கெட்டுப் போய் ஒரு வாரம் வீடு ஊமையாக இருந்ததே, அப்போதுதான் அவள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். உங்களுக்கு இது தெரிய வேண்டாம் என்று நினைத்தேன்.

ஸ்டேஷன் மாமிக்கு அன்பு இல்லை, சரி. கோபமும் இல்லை. எனக்கு அது போதும்.

உலகம்மை எங்கேயும் வரமாட்டாள்.

அஸ்வதி

*

புணே
6 ஜூலை 2025

அஸ்வதிக்கு,

உடனே எழுத முடியவில்லை.

எல்லாப் பதிவுகளையும் முதலிலிருந்து கேட்டேன். குரலைக் கட்டும்போது அவற்றை நான் பலமுறை கேட்டவன்தான். அப்போது கேட்டது ஒலியை. வார்த்தை எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது, மூச்சு எங்கே விடுகிறாய், பின்னால் மிக்ஸி ஓடுகிறதா, இதை மட்டும்தான் கவனித்தேன். நீ என்ன சொல்கிறாய் என்று இப்போதுதான் கேட்டேன்.

நீ சொன்னது சரி. நிரலில் பிழை இல்லை, தொகுத்ததிலும் பிழை இல்லை. உள்ளே போட்டது அப்படி.

ஆனால் எனக்கும் ஒன்று சொல்ல இருக்கிறது. நீ திட்டியதைக்கூட நான் ஒன்றையும் அழிக்கவில்லை. போன் மாற்றும்போதெல்லாம் முதலில் அதைத்தான் எடுத்துப் பத்திரப்படுத்தினேன். நான் உனக்கு அனுப்பியதில் ஏதாவது உன் போனில் இருக்கிறதா? இருக்காது என்று எனக்குத் தெரியும். சும்மா கேட்கிறேன்.

வேறு எங்கேயாவது உன் குரல் இருக்குமா, பார். ஆபீஸில் யாரிடமாவது சிரித்துப் பேசியது, பிள்ளைக்குக் கதை சொன்னது, தாலாட்டியது, என்னவானாலும் சரி. நல்லபடியாகப் பேசியது கொஞ்சம் கிடைத்தாலும் மறுபடி கட்டிவிடுவேன். மூலம் கிடைத்தால் போதும். மன்னித்துக்கொள், சோர்ஸ்.

புணே யோசனையைத் தள்ளி வைக்கிறேன். முழுக்க விட்டுவிடவில்லை. அந்த மாமியோடு மட்டும் பேசிப் பிள்ளை வளர்வது எனக்குச் சம்மதமில்லை.

பெருமாள்

*

சாலை
13 ஜூலை 2025, ஞாயிறு

அத்தானுக்கு,

தேடினேன். தாசம்மாள் அக்காவின் போனில் என்னுடையது ஒன்றும் இல்லை, இடம் போதவில்லை என்று மாதா மாதம் அழித்துவிடுவாராம். பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ ஒன்றில் நான் இருக்கிறேன். கேமராவுக்குப் பின்னால் நின்று 'கேக்கைக் கையால தொடாதே' என்கிறேன். அதுவும் திட்டுத்தான். நல்லபடியாகப் பேசியதை யார் பிடித்து வைப்பார்கள்? நேரில் சொன்னேன், அது நேரிலேயே தீர்ந்துவிட்டது. தாலாட்டியபோது ஒரு கையில் பிள்ளை, இன்னொரு கையில் பால் குப்பி. போனை எந்தக் கையில் பிடிப்பேன்?

நீங்கள் அனுப்பியது என் போனில் எதுவும் இல்லை. கேட்டீர்கள், அதனால் சொல்கிறேன்.

போன வாரம் உலகம்மைக்குக் காய்ச்சல். பயப்படாதீர்கள், இறங்கிவிட்டது. மத்தியானம் சூடு ஏறிக் கிடந்தபோது அம்மே அம்மே என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பக்கத்தில்தான் இருக்கிறேன், நெற்றியில் கை வைத்திருக்கிறேன், அப்படியும் கூப்பிடுகிறாள். லேப்டாப்பை இழுத்து, அம்மை இங்கதான் இருக்கேன் மக்களே என்று அடித்தேன். ஸ்டேஷன் மாமி சொன்னாள். பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, 'மாமி வேண்டாம். அம்மை பேசு' என்றாள்.

அம்மை பேசு என்றால் நான் எதைக் கொண்டு பேசுவேன்? லேப்டாப்பை மூடிவிட்டு அவள் முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். வாயைத் திறந்து திறந்து மூடினேன், கழுத்து ஓட்டையில் காற்றுத்தான் வந்தது. உங்கள் மேல் இருந்த கோபம்கூட அந்த நேரத்தில் எனக்கு ஞாபகம் வரவில்லை. நீங்கள் சொன்ன மாதிரி அனுப்பிவிடலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நினைத்தேன் என்பதால் அனுப்புவேன் என்று அர்த்தமில்லை.

காய்ச்சல் விட்ட பிறகு ஒன்று நடந்தது. கஞ்சி குடிக்கச் சொல்லலாம் என்று லேப்டாப்பைத் திறந்தேன். தொட்டவுடன் கை தவறி 'அ' என்று ஒரே எழுத்து மட்டும் விழுந்து ஓடிவிட்டது. மாமி 'அ' என்றாள், மணி அடித்தாற்போல. கோபமும் இல்லை, கொஞ்சலும் இல்லை, வெறும் அ. பிள்ளை திரையைப் பார்த்தாள், திருப்பி 'அ' என்றாள். நான் 'ம்' அடித்தேன். அவள் 'ம்' என்றாள். அதற்கு மேல் அடிக்க எனக்குக் கை வரவில்லை, கஞ்சி ஆறிப் போயிற்று.

அஸ்வதி

*

புணே
27 ஜூலை 2025

அஸ்வதிக்கு,

காய்ச்சல் வந்ததைக் காய்ச்சல் விட்ட பிறகு சொல்கிறாய். இருக்கட்டும்.

இத்துடன் ஒரு கோப்பு அனுப்பியிருக்கிறேன். பழைய பதிவுகளையே வைத்து மறுபடி கட்டினேன். உன் குரலின் ஏற்ற இறக்கத்தையெல்லாம் இழுத்துச் சமப்படுத்திவிட்டேன். வேகத்தையும் குறைத்திருக்கிறேன். இந்த முறை நீ எதையும் தொகுக்க வேண்டியதில்லை. நானே இங்கே தொகுத்து, அது நம்பி நிற்கிற எல்லாவற்றையும் உள்ளேயே வைத்து, பேக்கேஜாகக் கட்டிவிட்டேன். ஆமாம், நான்தான் கட்டினேன், நீ சிரிக்கலாம். ஸ்ரீஜித்திடம் கொடுத்தால் சாயா ஆறுவதற்குள் ஏற்றிவிடுவார். எந்த அப்டேட் வந்தாலும் உடையாது.

கேட்டுப் பார்த்தேன். கோபம் போய்விட்டது. கோபத்தோடு நீயும் போய்விட்டாய் என்று எனக்குத் தோன்றியது. எனக்குத் தோன்றுவது பெரிதில்லை, பிள்ளைக்கு எப்படி இருக்கிறது என்று பார்.

இதுவும் சரிவராவிட்டால் என் கையில் வேறு வழி இல்லை. அப்போது ஓணத்துக்கு நான் வரும்போது உலகம்மையைப் பற்றி ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். சண்டைக்குச் சொல்லவில்லை. எனக்கும் அலுத்துவிட்டது, அஸ்வதி.

பெருமாள்

*

சாலை
30 ஆகஸ்ட் 2025, சனி

அத்தானுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்ததற்குக் கோபம் காரணமில்லை. கை நிறைய வேலை இருந்தது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

முதலில் உங்கள் பேக்கேஜ். ஸ்ரீஜித் ஏற்றித் தந்தார், ஒரு சிணுக்கமும் இல்லாமல் ஓடியது, யார் கட்டியது என்று மெச்சிக் கேட்டார். இயர்போன் வைத்து நான் மட்டும் கேட்டேன். பிள்ளையைக் கேட்க விடவில்லை. இழவு வீட்டில் துக்கம் கேட்கப் போன இடத்தில் மெல்லப் பேசுவேனே, அப்படி இருந்தது. கழற்றி வைத்துவிட்டேன். உங்கள் உழைப்பு எனக்குப் புரியாமல் இல்லை.

மாமியை வைத்துக்கொண்டேன். ஆனால் பேச இல்லை. அன்றைக்குக் கஞ்சி ஆறிப் போனது என்று எழுதினேன் அல்லவா, மறுநாளும் பிள்ளை வந்து மாமியை 'அ' சொல்லச் சொன்னாள். நான் அடிக்கிறேன், மாமி சொல்கிறாள், பிள்ளை திருப்பிச் சொல்கிறாள். எழுத்துச் சொல்லித் தருவதற்குக் கோபதாபம் எதுவும் இல்லாத குரல்தான் நல்லது, எத்தனை தடவை கேட்டாலும் அவளுக்கு அலுக்காது. நான் எழுதுகிறதை அவள் படித்துவிட்டால் நடுவில் இந்தக் குரல் கிரல் ஒன்றும் வேண்டாமே என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஸ்கூலில் மலையாள எழுத்து, வீட்டில் மாமியிடம் தமிழ் எழுத்து. இரண்டையும் குழப்பிக்கொண்டு அழுத நாளும் உண்டு. தப்பாகச் சொன்னால் திருத்த எனக்கு வாயில்லை, அதே எழுத்தை மறுபடி அடிப்பேன். சில நாள் ஆபீஸிலிருந்து வந்து உட்கார்ந்தால் எனக்குக் கண் சொருகிக்கொண்டு போகும். அவள் விடமாட்டாள், என் விரலைப் பிடித்து விசையில் வைப்பாள்.

எங்கள் சாலைக் கடைத்தெருவில் தமிழில் பேர் எழுதிய கடை ஒவ்வொன்றின் முன்னாலும் இப்போது நிற்க வேண்டியிருக்கிறது. அரிசி மண்டிக்கு முன்னால் நின்று 'அ... ரி... சி' என்று அவள் கூவியதில், மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் என்ன வேண்டும் என்று எட்டிப் பார்த்தார்கள்.

நேற்று ஓணப் பரீட்சை முடிந்து வந்தாள். சாப்பிட்டுவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து ஏதாவது எழுதித் தா என்றாள். காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில், பெரிய எழுத்தாக, 'அம்மைக்குக் கோபம் இல்லை' என்று எழுதினேன். யோசித்து எழுதவில்லை, கை அதைத்தான் எழுதியது. அவள் விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தாள். 'க்கு'வில் முட்டிக்கொண்டு இரண்டு தடவை திரும்பிப் போனாள். முழுக்கப் படித்து முடித்தாள்.

அப்புறம் என் முகத்தைப் பார்த்து, 'அப்ப, அன்னைக்கும் இல்லையா?' என்று கேட்டாள்.

மாதக்கணக்கில் அதை மனதில் வைத்துக்கொண்டு நடந்திருக்கிறாள், அத்தான். மாமி பேசியபோதும், மெஷின் ஊமையாக இருந்தபோதும், என் மடியில் உட்கார்ந்திருந்தபோதும், அம்மைக்குத் தன் மேல் கோபம் என்றே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தாளை வாங்கி, 'அன்னைக்கும் இல்லை' என்று எழுதினேன். அதையும் எழுத்துக் கூட்டிப் படித்தாள். படித்துவிட்டுத் தாளை நான்காக மடித்து ஸ்கூல் பையில் வைத்துக்கொண்டு விளையாடப் போய்விட்டாள். நான்தான் அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

உங்களுக்கு அப்படி எழுதித் தர என்னால் முடியாது. அந்தப் பதிவுகளில் இருப்பது நிஜக் கோபம், ஒவ்வொன்றையும் நினைத்துத்தான் சொன்னேன். இப்போது கோபம் இல்லை. அசதி மட்டும்தான் இருக்கிறது.

உலகம்மை இங்கேதான் இருப்பாள், அதில் முடிவெடுக்க ஒன்றும் இல்லை. நீங்கள் ஓணத்துக்கு வருவதானால் வாருங்கள். மாமிக்கு சின்ன 'ர', பெரிய 'ற' இரண்டும் ஒன்றாகத்தான் வருகிறது. கறி என்று அடித்தால் கரி என்கிறாள், மாமி கரியைத் தின்கிறாள் என்று பிள்ளை சிரிக்கிறாள். அதை மட்டும் யாராவது வாயால் சொல்லிக் கொடுக்க வேண்டும்.

அஸ்வதி